ஊதியம் வந்துவிட்டது, ஊழியர் என்ற பெயர் வரவில்லை

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "என் மகள் டென்னிஸ் ஆடுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று விளையாட்டு உதவித்தொகை தருவதாக எழுதியிருக்கிறது. அங்கே கல்லூரி வீரர்களுக்கு இப்போது சம்பளமே தருகிறார்களாமே, உண்மையா? படிக்கப் போகிற இடத்தில் சம்பளம் வாங்குவது முறைதானா? இவள் நான்கு வருடம் படித்து முடிக்கும்வரை இந்த ஏற்பாடெல்லாம் நிலைக்குமா?"

உண்மைதான் ஐயா. 2025 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். பெரிய கல்லூரிகள் கொடுக்கத் தொடங்கியும்விட்டன. முறைதானா என்று கேட்டால், முறைதான். பல பத்தாண்டுகளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. நிலைக்குமா என்ற மூன்றாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். இப்போதிருக்கும் வடிவத்தில் நிலைக்காது என்றே நான் நம்புகிறேன். பணம் கொடுப்பது அதற்குக் காரணமில்லை. பணத்தைக் கொடுத்துக்கொண்டே, அதை வாங்குகிறவரை ஊழியர் என்று அழைக்க மறுக்கிறார்கள். எல்லாச் சிக்கலும் அங்கேதான் முளைக்கிறது.

அந்த மறுப்புக்கு எழுபது வயதாகிறது. கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறிய கல்லூரியில் ரே டெனிசன் என்பவர் கால்பந்து ஆடினார். (இந்தப் பதிலில் கால்பந்து என்று நான் சொல்வதெல்லாம் தலைக்கவசம் அணிந்து மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து.) 1955-இல் ஒரு போட்டியின்போது எதிரணி வீரரின் முழங்கால் அவர் தலையில் மோதியது. பிழைக்கவில்லை. வேலையின்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி அல்ல என்று 1957-இல் தீர்ப்பு வந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கல்லூரிகள் அப்போது ஏற்கெனவே பயந்துபோயிருந்தன. 1953-இல் அதே நீதிமன்றம், டென்வர் பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது அடிபட்ட ஒரு வீரரை ஊழியர் என்று ஏற்று இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருந்தது. இந்தத் தீர்ப்பு பரவினால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் பிறந்ததுதான் 'மாணவ வீரர்' என்ற சொல். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் நிர்வாக இயக்குநராக 1951 முதல் 1988 வரை இருந்த வால்டர் பையர்ஸ், அந்தச் சொல்லைத் தாங்களே உருவாக்கினோம் என்று 1995-இல் வெளியான தன் நினைவுநூலில் ஒப்புக்கொண்டார். அந்த வயதில் அவர் மனம் மாறி, வீரர்களுக்கு நியாயமான பங்கு கொடுக்க வேண்டும் என்று சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குள் அந்தச் சொல் விதிப்புத்தகம் முழுவதும் வேரோடிவிட்டது. 1974-இல் ஒரு போட்டியில் கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்த டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப், கால் நூற்றாண்டுக்கு மேல் சக்கர நாற்காலியில் வாழ்ந்த பிறகும், 2000-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். அவரும் ஊழியர் அல்ல என்றார்கள்.

இதை நான் நூலில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அமெரிக்காவில் முதுகலை படித்தபோது, கைச்செலவுக்காக விளையாட்டு வீரர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு கால்பந்து வீரன் வருவான். முந்தின நாள் பல்லாயிரம் பேர் முன்னால் ஆடியவன். இடது முழங்காலைச் சுற்றிப் பனிக்கட்டிப் பையை வைத்து, சமையலறையில் மீந்த உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையால் இறுகச் சுற்றியிருப்பான். கணக்குப் போடப் போடப் பனி உருகி நாற்காலிக்கு அடியில் சொட்டும். பாடம் முடிந்ததும் காகிதத் துவாலையை எடுத்து, அந்தக் காலோடு குனிந்து, தரையைத் துடைத்துவிட்டுத்தான் போவான்.

கணக்கில் கெட்டிக்காரன். இயந்திரப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டவன். ஆய்வக வகுப்பு பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை; அணியின் பயிற்சி இரண்டரைக்குத் தொடங்கிவிடும். பயிற்சியோடு மோதாத பாடப்பிரிவு எது என்று பார்த்து அதில் அவனைச் சேர்த்திருந்தார்கள். 'இலவசக் கல்வி கிடைக்கிறதே, அதுவே கூலிதானே' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த ஈரத் தரை என் கண்முன் வருகிறது. கூலி என்று கொடுத்ததைக்கூட அவனுக்கு வேண்டிய விதத்தில் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் அப்போது உறைத்தது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு மணிக்கணக்கில் சம்பளம். ஆண்டு முடிவில் வரிப் படிவம். படியில் வழுக்கி விழுந்தால் இழப்பீடு. நானும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவன்தான். நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர், விடுதி உணவகத்தில் தட்டு கழுவுபவர், எல்லாரும் மாணவர்கள், எல்லாரும் ஊழியர்களும்கூட. மாணவராக இருப்பது ஊழியராக இருப்பதற்குத் தடை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்தத் தடை ஆடுகளத்தில் இருந்தவனுக்கு மட்டும்தான்.

என்.சி.ஏ.ஏ. ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1905-ஆம் ஆண்டில் கால்பந்து மைதானங்களில் ஏறத்தாழ இருபது பேர் இறந்துபோனார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்; அடுத்த ஆண்டு அமைப்பு உருவானது. உயிரைக் காக்கப் பிறந்த அமைப்பு, காலப்போக்கில் காசைக் காக்கும் அமைப்பாக மாறியது. வீரர் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதற்கு நூற்றுக்கணக்கான பக்கங்களில் விதிகள். ஒரு காலத்தில் வீரர்களுக்குச் சிற்றுண்டியாகப் பேகல் ரொட்டி கொடுக்கலாம், ஆனால் மேலே பாலாடைக்கட்டி தடவிக் கொடுத்தால் அது சாப்பாட்டுக் கணக்கில் வந்துவிடும் என்ற அளவுக்கு இருந்தது. 2014-இல் கூடைப்பந்து தேசியப் பட்டத்தை வென்ற கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் வயிறாரச் சாப்பாடு போட அனுமதித்தார்கள்.

அதே சமயம் பணம் எப்படி ஓடியது என்று பாருங்கள். 1984 வரை கால்பந்துப் போட்டிகளின் தொலைக்காட்சி உரிமை முழுவதும் என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு அந்த ஏகபோகத்தை உச்ச நீதிமன்றத்தில் உடைத்தன. அன்று முதல் அதிகாரம் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கல்லூரிக் கூட்டணிகளின் பக்கம் சாய்ந்தது. ஆண்கள் கூடைப்பந்துத் தொடருக்கு 2010-இல் செய்துகொண்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர்; 2016-இல் அதை 2032 வரை நீட்டித்தபோது கூடுதலாக 880 கோடி. பல மாநிலங்களில் அரசுப் பணத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். 2023-இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சம் டாலர். வேலையை விட்டுப் போகச் சொல்வதற்கு அவ்வளவு. ஆடியவர்களுக்கோ, கல்லூரிக் கட்டணமும் தங்குமிடமும் போக, விதிப்படி ஒரு சட்டையைக்கூட யாரிடமும் வாங்க முடியாத நிலை.

இந்தத் தடைச்சுவர் இடிந்த கதை ஒரு வீடியோ விளையாட்டில் தொடங்குகிறது. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி 1995-இல் கூடைப்பந்துப் பட்டம் வென்றபோது அதன் நட்சத்திரமாக இருந்தவர் எட் ஓபேனன். பின்னாளில் லாஸ் வேகாஸ் பக்கம் கார் விற்பனை செய்துகொண்டிருந்தார். நண்பர் வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டுப் பையன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டில் ஓர் ஆட்டக்காரன் தெரிந்தான். வழுக்கைத் தலை, இடது கை ஆட்டம், 31-ஆம் எண் சட்டை. பெயர் மட்டும் இல்லை. தன்னை யாரோ விற்றுக்கொண்டிருக்கிறார்கள், தனக்கு ஒரு காசு வரவில்லை என்று ஓபேனனுக்குப் புரிந்தது. 2009-இல் வழக்குப் போட்டார். ஓக்லாந்து நகரில் நீதிபதி கிளாடியா வில்கென் 2014-இல் என்.சி.ஏ.ஏ. விதிகள் ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தார். இந்த நீதிபதியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்த இரண்டு பெரிய வழக்குகளும் அவர் முன்புதான் வந்தன.

அவற்றில் ஒன்று, மேற்கு வர்ஜீனியாவின் முன்னாள் வீரர் ஷான் ஆல்ஸ்டன் பெயரில் நடந்தது. 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து வீரர்கள் பக்கம் நின்றார்கள். அந்த வழக்கு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனாலும் நீதிபதி கேவனா தனியாக எழுதிய கருத்தில், என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு மேற்பட்டது அல்ல என்று முடித்தது எல்லாக் கல்லூரி வழக்கறிஞர்களின் காதிலும் விழுந்தது. ஏற்கெனவே 2019-இல் கலிபோர்னியா தன் வீரர்களுக்குப் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றை விற்கும் உரிமையைச் சட்டமாக்கியிருந்தது; வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆல்ஸ்டன் தீர்ப்பு வந்த பத்தே நாளில், 2021 ஜூலை 1 அன்று, நாடு முழுவதும் அந்த உரிமை திறந்துவிடப்பட்டது.

ஆங்கில முதலெழுத்துகளால் என்.ஐ.எல். என்று அழைக்கப்படும் இந்த உரிமை உண்மையான விளம்பர வருமானத்துக்காக வந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடும் பெண்களும் தங்கள் சமூக ஊடகப் பின்தொடர்வோரை வைத்து நேர்மையாகச் சம்பாதித்தார்கள். ஆனால் சில மாதங்களிலேயே பணக்கார ரசிகர்கள் நிதிக்குழுக்களைத் திரட்டி, விளம்பரம் என்ற பெயரில் சம்பளத்தையே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கல்லூரி கொடுக்கக் கூடாது, ரசிகர் கொடுக்கலாம் என்றால் வேறு என்ன நடக்கும்? கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதற்கான கட்டுப்பாடுகளும் அதே காலத்தில் தளர்ந்தன. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான வீரர்கள் மாறுதல் பட்டியலில் பெயர் கொடுக்கிறார்கள். இதைப் பேராசை என்று ஏசுபவர்கள், பருவத்தின் நடுவிலேயே அணியை விட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போகும் பயிற்சியாளர்களைப் பற்றி அவ்வளவு சூடாகப் பேசிக் கேட்டதில்லை.

பிறகு வந்ததுதான் இன்றைய ஏற்பாடு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரிலான வழக்கில் சமரசம் ஏற்பட்டு, 2025 ஜூன் 6 அன்று நீதிபதி வில்கென் ஒப்புதல் தந்தார். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக ஏறத்தாழ 280 கோடி டாலர், பத்து ஆண்டுகளில். இனி ஆடுபவர்களுக்கு, முதல் ஆண்டில் ஒரு கல்லூரி அதிகபட்சம் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை பகிர்ந்து கொடுக்கலாம். உச்சவரம்பு ஆண்டுதோறும் உயரும். ரசிகர் பணத்தைக் கண்காணிக்க 'கல்லூரி விளையாட்டு ஆணையம்' என்று புதிதாக ஒன்றைப் பெரிய கூட்டணிகள் அமைத்திருக்கின்றன. 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு விளம்பர ஒப்பந்தமும் அதன் சல்லடையில் விழுந்துதான் வெளியே வர வேண்டும். அது நிஜமான விளம்பரமா, மாறுவேடமிட்ட சம்பளமா என்று ஆணையம் பார்க்கும்.

இந்த வழக்கின் இன்னொரு மனுதாரர் கூடைப்பந்து வீராங்கனை செடோனா பிரின்ஸ். 2021 மார்ச்சில், கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, பெண்கள் கூடைப்பந்துத் தொடர் சான் அன்டோனியோ நகரில் நடந்தபோது அவர் ஒரு சிறு காணொளி எடுத்தார். ஆண்களின் தொடரில் ஒரு மண்டபம் நிறைய எடை தூக்கும் கருவிகள். பெண்களுக்கு ஒரே ஓர் அடுக்கில் சில டம்பெல்கள், கொஞ்சம் யோகா விரிப்புகள். இடப் பற்றாக்குறை என்று அமைப்பு விளக்கம் சொல்லியிருந்தது. பிரின்ஸ் கேமராவைத் திருப்பினார்; அந்த அடுக்குக்குப் பின்னால் காலி மண்டபம் நீண்டு கிடந்தது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 2024 இறுதிப்போட்டியில், ஐயோவா பல்கலைக்கழக நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் ஆடிய பெண்கள் ஆட்டத்தைச் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம். அப்படியிருந்தும் பழைய பாக்கியில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு ஆண்கள் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. புதிய பங்கீட்டையும் பல பெரிய கல்லூரிகள் அதே விகிதத்தில்தான் வைத்திருக்கின்றன. கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பொருந்துமா என்பது இன்னும் தீரவில்லை. 2025 ஜனவரியில் பொருந்தும் என்று மத்தியக் கல்வித் துறை சொன்னது. அடுத்த மாதம், ஆட்சி மாறியதும், அந்த வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. எட்டு வீராங்கனைகள் பாக்கிப் பங்கீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பல ஆண்டுகள் வளரவிடாமல் வைத்திருந்த ஒன்றைக் காட்டி, 'இது குறைவாகத்தானே சம்பாதித்தது' என்று பங்கைக் குறைப்பது சரியான கணக்கு அல்ல.

இனி உங்கள் மூன்றாவது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து, கூடைப்பந்து லீக்குகளில் அணிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. போட்டியாளர்களான முதலாளிகள் ஒன்றுகூடி 'இதற்கு மேல் சம்பளம் கொடுக்க மாட்டோம்' என்று பேசி வைத்துக்கொள்வதைச் சாதாரணமாகச் சட்டம் அனுமதிக்காது. அங்கே அது செல்லுபடியாவது எப்படி? வீரர்களின் சங்கம் எதிரே உட்கார்ந்து, காப்பீடு, ஓய்வூதியம், பயிற்சி நேரம் என்று பதிலுக்குப் பெற்றுக்கொண்டு, அந்த வரம்புக்குக் கையெழுத்துப் போடுகிறது. கூட்டுப் பேரத்தில் முடிவான விஷயத்தை ஏகபோகத் தடைச் சட்டம் தொடுவதில்லை. கல்லூரிகளுக்கு வேண்டியது அதே உச்சவரம்பு. வேண்டாதது எதிரே உட்காரும் சங்கம். சங்கம் வேண்டுமானால் ஊழியர் வேண்டும். ஊழியர் என்று சொன்னால் 1957-க்குத் திரும்பிப் போய், அந்த விதவைக்குச் சொன்ன பதில் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தச் சமரசம் பத்து ஆண்டுகளுக்கானது. இன்று ஒன்பது வயதில் பந்து பிடிக்கும் ஒரு குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் இதுதான் அதன் ஊதிய வரம்பு. அந்தக் குழந்தையையும் யாரும் கேட்கவில்லை, இன்று ஆடுபவர்களும் வாக்களிக்கவில்லை. வழக்கறிஞர்கள் அவர்கள் சார்பில் ஒப்புக்கொண்டார்கள். கேட்காமல் போட்ட வரம்பை அடுத்து வரும் எந்த வீரரும் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம், போகிறார்கள். எத்தனை ஆண்டு ஆடலாம் என்ற அடிப்படை விதிகூட இப்போது நீதிபதிகள் கையில். வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டியேகோ பவியா, இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய காலத்தைத் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டு, 2024 டிசம்பரில் தடையாணை வாங்கி, அடுத்த பருவமும் ஆடினார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு நீதிபதியின் அறையில் தனித்தனியாக முடிவானால் அதை நிர்வாகம் என்று சொல்ல முடியாது.

கூட்டணிகளின் நிலை இன்னும் வருத்தமானது. 1915-இல் தொடங்கிய மேற்குக் கடற்கரைக் கூட்டணியான பேக்-12-இலிருந்து 2024-இல் பத்து கல்லூரிகள் தொலைக்காட்சிப் பணத்தைத் தேடி வெளியேறின. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டும் மிஞ்சின. பசிபிக் கடற்கரை மாநிலமான கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இன்று அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணியில் இருக்கின்றன. கால்பந்துக்காகச் செய்த மாற்றத்தில் கைப்பந்து, டென்னிஸ் ஆடும் பிள்ளைகள் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறந்து, நள்ளிரவில் திரும்பி, காலை எட்டு மணித் தேர்வுக்கு உட்காருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வாக்கு இருந்திருந்தால் இது இப்படி நடந்திருக்காது.

வாக்குக் கேட்டவர்களும் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெய்ன் கோல்டர் தலைமையில் கால்பந்து வீரர்கள் 2014-இல் சங்கம் அமைக்க மனுப் போட்டார்கள். மருத்துவம் நோக்கிப் படிக்க நினைத்ததாகவும், வேதியியல் வகுப்பு பயிற்சியோடு மோதியதால் முடியாமல் போனதாகவும் கோல்டர் சாட்சி சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்தப் பொறியியல் பையன் நினைவுக்கு வந்தான். பருவத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேர உழைப்பு, பயிற்சியாளரின் முழுக் கட்டுப்பாடு, ஆகவே இவர்கள் ஊழியர்களே என்று, சங்கங்களை அங்கீகரிக்கும் மத்திய அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் முடிவு செய்தார். வீரர்கள் வாக்களித்தார்கள். பெட்டிக்கு முத்திரை வைத்தார்கள். மறு ஆண்டு, தலைமை வாரியம் இந்த விஷயத்தில் தலையிடப்போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை. டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்; கல்லூரி பேச மறுத்தது; வாரியத்தின் அமைப்பு மாறப்போகிறது என்று தெரிந்ததும் அந்த ஆண்டின் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

கல்லூரிகள் இப்போது நாடாளுமன்றத்தை நோக்கிக் கைகூப்பி நிற்கின்றன. 2025 ஜூலையில் கீழவையில் அறிமுகமான ஸ்கோர் மசோதா, வழக்குகளிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பும், மாநிலச் சட்டங்களை ஒதுக்கும் அதிகாரமும், வீரர்கள் ஊழியர்கள் ஆக முடியாது என்ற அறிவிப்பும் ஒருசேரக் கேட்கிறது. அதே மாதம் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையும் பணத்தைக் கட்டுப்படுத்தும் திசையில்தான் போகிறது. ஒரு தொழிலின் ஊதிய வரம்பைச் சட்டமே போட்டுக் கொடுத்து, அதில் உழைப்பவர்கள் சங்கம் சேரவும் கூடாது என்று அடைப்பது எந்த விதத்திலும் நியாயம் ஆகாது.

என் தரப்பிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் அதிகாரம் தனியார் கல்லூரிகளோடு நின்றுவிடும். பெரும்பாலான பெரிய கால்பந்துக் கல்லூரிகளோ அரசுக்குச் சொந்தமானவை. வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர்களின் கூட்டுப் பேரத்துக்கே தடை இருக்கிறது. பார்வையாளரே இல்லாத சிறு கல்லூரியின் ஓட்டப் பந்தய அணியையும், கோடிகள் புரளும் கால்பந்து அணியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. எல்லாரும் ஊழியர் என்றால் சிறிய அணிகள் மூடப்படும் என்ற பயம் உண்மையானது. கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தன் நீச்சல் அணியையே கலைத்துவிட்டது, அதுவும் ஊழியர் என்ற சொல் வருவதற்கு முன்பே. அமெரிக்க ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பாலோர் கல்லூரி அணிகளில் வளர்ந்தவர்கள் என்பதால் இந்த இழப்பு ஒரு கல்லூரியோடு நிற்காது. எனவே யார் ஊழியர், யார் இல்லை என்பதை அணியின் வருமானத்தையும் கட்டுப்பாட்டையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். கால்பந்தைத் தனியாகப் பிரித்து அதற்கென்று ஓர் அமைப்பும் சங்கமும் வைத்து, மற்ற விளையாட்டுகளைப் பக்கத்து ஊர்க் கல்லூரிகளோடு ஆடும் பழைய முறைக்குத் திருப்ப வேண்டும். நெடுங்காலம் இதைக் கவனித்த பிறகு நான் வந்து நிற்கும் இடம் இதுதான்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை வேறொரு சிக்கல் முன்னால் நிற்கிறது: விசா. மாணவர் விசாவில் இருப்பவர் பொதுவாக வளாகத்துக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்க முடியாது. அதனால் என்.ஐ.எல். பணம் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆபத்தான பகுதி. கெண்டக்கி பல்கலைக்கழகத்தின் காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோதுதான் தன் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். அமெரிக்க மண்ணில் செய்தால் விசா போய்விடும் என்ற அச்சம். நேரடிப் பங்கீட்டுப் பணத்துக்கும் தெளிவான விதி இல்லை. வீரர்களை ஊழியர் ஆக்கினால் இவர்களுக்குப் புதுச் சிக்கல் வரும், அதையும் மறைக்க மாட்டேன்: மாணவர் விசாவில் வளாக வேலைக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, எந்தப் பெரிய அணியும் அதற்குள் நிற்பதில்லை. சட்டத்தை மாற்றுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளையும் நினைவில் வைத்து மாற்ற வேண்டும்.

ஆகவே பங்கீட்டுப் பணத்தை எண்ணி அனுப்பாதீர்கள். டென்னிஸுக்கு அது பெரும்பாலும் வந்து சேராது. கல்விக்காக அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்று, பிறகுதான் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது.

அழைத்திருக்கும் கல்லூரி அந்தச் சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சேர்ந்திருந்தால் பெண்கள் டென்னிஸ் அணியில் பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு எட்டு உதவித்தொகைதான் உண்டு, இப்போது பத்துப் பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம் என்பது நல்லது. ஆனால் பதினோராவது ஆளுக்கு இடமே இல்லை, அனுபவமுள்ள ஒருவர் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தால் யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும். அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று கேளுங்கள்; 2024 ஆகஸ்ட் முதல், என்.சி.ஏ.ஏ.வின் மிக உயர்ந்த பிரிவான முதல் பிரிவுக் கல்லூரிகள் ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்துக்கு, ஆடி முடித்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்குச் செலவை ஏற்க வேண்டும். அவள் படிக்க விரும்பும் பாடத்தின் ஆய்வக நேரமும் அணியின் பயிற்சி நேரமும் மோதுமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பையனுக்காக நான் இதை எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன்.

கடைசியாக, அவர்கள் அனுப்பிய கடிதத்தை எடுத்து, உதவித்தொகை 'ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்' என்று இருக்கிறதா, 'நான்கு ஆண்டுகளுக்கு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகை என்றால், பயிற்சியாளருக்கு எழுதி இரண்டாம் வகையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், அவளுக்காகப் பேசச் சங்கம் எதுவும் இல்லை, கையெழுத்துப் போடும்வரை அவர்களுக்குத்தான் அவள் வேண்டும்.